உறை ஊற்றிய வைரஸ்

செனாய் தொழிற்பேட்டையில், கோழிகளுக்குத் தடுப்பு மருந்து செய்யும் ஆய்வுக்கூடத்தில் எட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். அந்துப்பூச்சியின் செல்களைக் குடுவையில் வளர்த்து, அவற்றுக்குள் ஒரு வைரஸை ஏற்றிவிடுவோம். அது செல்களை ஏமாற்றி, கோழி நோய்க் கிருமியின் வெறும் கூட்டை மட்டும் செய்ய வைக்கும். கூட்டுக்குள் ஒன்றும் இருக்காது, நோய் வராது. ஆனால் கோழியின் உடம்பு அதைப் பார்த்து உஷாராகிவிடும்.

ஏற்றுகிற வைரஸை உறைபெட்டியில் இருக்கும் மூலக் குப்பியிலிருந்துதான் ஒவ்வொரு முறையும் பெருக்க வேண்டும் என்பது விதி. அதற்கு வாரக்கணக்கில் ஆகும். எனக்கேது அவ்வளவு பொறுமை? போன தடவை மிஞ்சியதில் கொஞ்சம் எடுத்து அடுத்த தடவைக்கு விட ஆரம்பித்தேன், பழைய தயிரை எடுத்துப் புதுப் பாலுக்கு உறை ஊற்றுவது மாதிரி. வேலை சீக்கிரம் முடிந்தது. மேலாளர் பாராட்டினார். நானும் என் கெட்டிக்காரத்தனத்தில் பூரித்துப்போனேன்.

பத்துப் பன்னிரண்டு தடவைக்குப் பிறகு கூடுகள் குறைந்தன. அப்புறம் பாதியாயின. அந்த நேரம் பார்த்துக் கோத்தா திங்கி ஊர்ப்பக்கம் வெள்ளம். செல்களைப் பராமரிக்கும் பெண் அங்கிருந்துதான் மோட்டார் சைக்கிளில் வருவாள். ஒப்பந்த ஊழியர், அடுத்த மாதம் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். மூன்று நாள் அவளால் வர முடியவில்லை. அவள் வேலையை நானே செய்தேன், ஒரு குறையும் வைக்காமல். ஆனால் கூட்டத்தில் மேலாளர் சொன்னது வேறு.

"அவங்க மூணு நாள் வரல. செல்ஸ் எல்லாம் கெட்டுப் போச்சு லா. வேற என்ன காரணம்?"

கூடுகள் குறைந்தது வெள்ளத்துக்கு முன்பே என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. அவளை அனுப்பிவிட்டார்கள்.

அவள் போன பிறகும் கூடுகள் குறைந்துகொண்டே வந்தன. பயம் வந்து, மூலக் குப்பியை எடுத்துப் புதிதாகப் பெருக்கி, என்னுடையதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். புதியதில் கூடுகள் குவிந்திருந்தன. என்னுடையதில் ஏதோ பேருக்கு. மிச்சத்தையே திரும்பத் திரும்ப விட்டதில் குறைபட்ட வைரஸ்கள் பெருகி, நல்லதை ஓரங்கட்டியிருந்தன. மூலக் குப்பிக்குத் திரும்பியதுதான் உற்பத்தியை உயர்த்திய வழி என்று அறிக்கை எழுதினேன். கேக் வெட்டினார்கள். பதவி உயர்வும் வந்தது. உறை ஊற்றும் பழக்கத்தை ஆரம்பித்தது யார் என்று அறிக்கையில் ஒரு வரி இல்லை. எழுதியவள் நானல்லவா.

போன மாதம் அவள் போன் செய்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"அக்கா, சிங்கப்பூர்ல ஒரு லேப்ல இண்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்காங்க. நம்ம லேப்ல நான் என்ன தப்பு பண்ணேன்னு நீங்களாச்சும் சொல்லுங்க. புது எடத்துலயும் அதப் பண்ணிறக் கூடாதுல்ல."

சொல்லிவிட அப்போதும் நேரம் இருந்தது. ஒரே ஒரு வாக்கியம்தான்.

"குடுவை மூடிய ரொம்ப நேரம் தெறந்து வச்சிருவம்மா நீ. அதான்," என்றேன்.



"அப்படியாக்கா? எனக்கே தெரியாமப் போச்சே. இனிமே கவனமா இருக்கேன். தேங்க்ஸ்கா."