சிலந்தி மருந்து டிரம்மைத் தேடிக் குன்னூருக்கு ஒரு நாள்

சிலந்தி மருந்து வந்த டிரம்களைக் காலியானதும் குடிதண்ணீர் பிடிக்கச் சொல்லி எங்களுக்குக் கொடுத்தது எஸ்டேட் நிர்வாகம். உள்ளே என்ன இருந்தது என்று யாரும் சொல்லவில்லை. பண்டிகைப் பரிசு போல வரிசையில் நிற்கவைத்துக் கொடுத்தார்கள். நாங்களும் சிரித்துக்கொண்டே வாங்கினோம். நடந்த அநியாயம் இதுதான்.

குன்னூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருபத்தாறு வருடம் மருந்து அடித்தவன் நான். இலையைச் சிவக்கவைக்கும் சிலந்திப்பூச்சிக்கான மருந்து. கலக்குவது மேஸ்திரி, பம்பை முதுகில் சுமப்பது நாங்கள். பெயர் கேட்டால், "சிலந்தி மருந்துதான், பேரு வெச்சு என்ன பண்ணப்போற?" என்பார். ஓய்வு பெற்று மேட்டுப்பாளையத்துக்கு இறங்கிப் பதினோரு வருடமாகிறது. ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டதே அதற்குப் பிறகுதான்.

என் மனைவி பிலோமினாவுக்கு இப்போது கை நடுங்குகிறது, பாதம் மரத்துப்போகிறது. சில மருந்துகள் உடம்பின் கொழுப்பில் தங்கி வருடக்கணக்கில் வெளியேறாது என்றார் கோவை மருத்துவர். அதுதான் காரணம் என்று அவர் அடித்துச் சொல்லவில்லை. பெயர் தெரிந்தால் எந்தப் பரிசோதனை என்று பார்க்கலாம் என்றார். நிர்வாகத்துக்கு மூன்று கடிதம் போட்டேன். பதில் இல்லை. போன செவ்வாய்க்கிழமை நானே கிளம்பினேன்.

மருந்து படிந்த என் துணியைத் துவைத்ததால் வந்த வினை என்று பிலோமினா நினைக்கிறாள். டிரம்மைப் பற்றிய என் சந்தேகத்தை நான் சொல்லவில்லை. கிளம்பும்போது பையில் ஸ்டீல் பாட்டிலைத் திணித்தாள். "நம்ம ஊட்டு டிரம்முத் தண்ணி ஒரு வாய் கொண்டாங்க. அந்த வாசம் இங்கத்தத் தண்ணியில இல்லீங்க."

மேட்டுப்பாளையத்தில் காலை 6.40 பேருந்து. குன்னூர் 34 கிலோமீட்டர். வலது பக்கம் உட்காருங்கள், பள்ளத்தாக்கு நன்றாகத் தெரியும். கல்லாறு சோதனைச்சாவடியில் என் பக்கத்து இருக்கைக்காரரின் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டார்கள். மலைக்குக் கெடுதலாம். நல்ல விதிதான். லாரி லாரியாக மருந்து டிரம் ஏறிய காலத்தில் இந்தக் கண்கள் எங்கே இருந்தன? பர்லியாரில் பத்து நிமிடம் நின்றது, டீ 15 ரூபாய். 8.25க்குக் குன்னூர்.

அங்கிருந்து தோட்டத்துக்கு 11 கிலோமீட்டர். பங்கு ஜீப், ஆளுக்கு 40 ரூபாய்.

"ஏனுங்கய்யா, டீ பாக்டரி பாக்கப் போறீங்களா?" என்றார் ஓட்டுநர்.

"ஒரு டிரம்மு பாக்கப் போறேன்."

"டிரம்முக்கா மலை ஏறுனீங்க? மேட்டுப்பாளையத்துக் கடையிலயே கலர் கலரா தொங்குதுங்களே!"

ஜீப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். கடைசி வளைவில் இலை வாடும் வாசனை வந்தது. இந்த மலை எனக்குச் செய்தது எல்லாம் தெரிந்தும், தினமும் விடிகாலையில் என் கால் தேடுவது இந்தச் சரிவைத்தான். கீழே பதினோரு வருடம் இருந்தும் எனக்கு அங்கே ஒரு நாள்கூடச் சரியாகக் குளிரவில்லை.

தொழிலாளர்களுக்கான வரிசை வீடான லயனை விட்டு இறங்குபவர்கள் டிரம்மை வெறுமையாக விட்டுப் போவதில்லை. நிரம்பத் தண்ணீர் பிடித்து அடுத்த வீட்டில் வைத்துவிட்டுப் போவோம். இருக்கிறவர்களுக்குக் குறைவு வரக்கூடாது என்பது எங்கள் வழக்கம். நாங்களும் அப்படித்தான் பக்கத்து வீட்டுக் கருப்பசாமிக்குக் கொடுத்தோம். அவனும் என்னோடு மருந்து அடித்தவன்.

கருப்பசாமி வீட்டுச் சமையல்கட்டு ஓரத்தில் நாங்கள் கொடுத்த அதே நீல டிரம். நடுவில் பச்சைப் பெயிண்டில் "சூசை – பிலோமினா". எத்தனை சாம்பல் போட்டுத் தேய்த்தும் போகாத ஒட்டுச்சீட்டை மறைக்க நான் எழுதியது. டிரம் நிறையத் தண்ணீர், மேலே ஒரு சொம்பு.

"இன்னும் இதுலயா குடிக்கிறீங்க?"

கருப்பசாமியின் மனைவி சரோஜா சிரித்தாள். "குடுத்ததே நீங்கதானுங்களே அண்ணா! பைப்புல நாலு நாளைக்கு ஒருக்காத்தான் தண்ணி. வேற எதுல புடிக்கிறது?"

கத்தி வாங்கி என் பெயரைச் சுரண்டினேன். பிலோமினா பெயரையும் சுரண்டினேன். அடியில் மங்கிய ஆங்கில எழுத்துகள். கூட்டிப் படித்தேன்: டைக்கோபால். சிலந்தி மருந்தின் பெயர் அதுதான். பக்கத்தில் மண்டையோடு.

அதைப் படித்துக் காட்டி, மருத்துவர் சொன்ன பரிசோதனையைப் பற்றியும் சொன்னதும் கருப்பசாமி கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தான். "எங்களுக்கும் அந்த டெஸ்ட்டு எடுப்பாங்களா, சூசை?"

இத்தனை வருடம் கழுவிய டிரம்மில் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று எனக்குத் தெரியாது. தண்ணீரைக் கொட்டி, சீட்டு இருந்த துண்டை அறுத்துப் பையில் வைத்தேன். இனி யாரும் அதில் பிடிக்க முடியாது. சரோஜாவுக்குக் கோபம். "நாளைக்குத் தண்ணி வருது. உங்க பையிலயா புடிக்கட்டும்?" என்றாள். நியாயமான கேள்வி. மாலை 4.30 ஜீப்பில் இறங்கினேன். தவறவிட்டால் நடைதான்.

போகிறவர்கள் ஸ்வெட்டரும் ஸ்டீல் பாட்டிலும் கொண்டு போங்கள். லயன் வாசலில் நீல டிரம்மைப் பார்த்தால், அழகாக இருக்கிறது என்று படம் மட்டும் எடுத்துவிட்டு வராதீர்கள். எதிலிருந்து வந்தது என்று கேளுங்கள்.

எந்த டிரம்மில் என்ன வந்தது, யார் வீட்டுக்குப் போனது என்று நிர்வாகம் எழுத்தில் தர வேண்டும். தோட்டம் கைமாறிவிட்டது என்ற சாக்கு வேண்டாம். தொழிலாளர் துறை அதைக் கேட்டு வாங்க வேண்டும். மருந்து அடித்தவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் சுகாதாரத் துறை பரிசோதனை செய்ய வேண்டும், கருப்பசாமியிலிருந்து தொடங்கி. எமரால்டு ஊர்ப் பக்கம் காய்கறி பயிரிடுகிறவர்கள், யாரும் தண்ணீர் பிடிக்காதபடி காலி மருந்துக் கேனைக் குத்திக் கிழித்துப் போட வேண்டும். சரோஜாவுக்கு ஒரு புது டிரம்மை இந்த வாரமே நான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். லயன் பைப்புக்குத் தண்ணீர் வரும் ஊற்று வற்றிவிட்டது என்று பிலோமினாவிடம் பொய் சொல்லியிருக்கிறேன். வெறும் பாட்டிலை அவள் கையில் கொடுத்து, அந்த வாசம் எதனுடையதாக இருக்கலாம் என்பதையும் நான்தான் சொல்ல வேண்டும்.