மூன்று முறை பிந்தினால்

எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் பிந்தி வந்தால் உள்ளங்கையில் கோடு போடும் அடிமட்டத்தால் ஓர் அடி விழும். அத்தோடு கதை முடிந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களுக்குப் படிப்பித்த டீச்சர், அடித்த கையோடு "காலமை சாப்பிட்டனியோ?" என்று கேட்பார். வராத பிள்ளையைத் தேடி, நாங்கள் குடியிருந்த லயத்துக்கே வந்துவிடுவார்.

ஆறாம் வகுப்புக்கு நான் தலவாக்கலையில் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன். அங்கே யாரும் அடிப்பதில்லை. பிந்தினால் கொப்பியில் பெயரை எழுதிக்கொள்வார்கள். மூன்று முறை எழுதினால், பெற்றோர் வந்து கையெழுத்து வைக்கும்வரை வகுப்புக்குள் விடமாட்டார்கள். எழுதியவர் என் முகத்தைப் பார்த்ததாக நினைவில்லை. மழை நாளில் எங்கள் வட்டகொடை பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மூன்றாம் முறை கடிதத்தோடு திருப்பி அனுப்பினார்கள். அப்பா கொழும்பில் வேலையில் இருந்தார். அம்மா மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார். நான் நேரே பழைய பள்ளிக்கூடத்துக்குப் போய், டீச்சரிடம் கடிதத்தைக் கொடுத்துவிட்டுக் கையை நீட்டினேன். ஓர் அடி வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன்.

"இது நான் அடிச்சுத் தீருற காரியமில்லை பிள்ளை," என்றார்.

எனக்கு அழுகை வந்தது. இனி நான் அவருடைய பிள்ளை இல்லை என்று சொல்லிவிட்டதாகப் பட்டது.

மாலையில் அவர் லயத்துக்கு வந்து அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னார். அம்மா கடிதத்தைத் தொடவேயில்லை. "நீங்களே போயிட்டு வந்துருங்க டீச்சர். எனக்கு அங்கெல்லாம் பேசத் தெரியாதுங்க."

மறுநாள் லீவு போட்டுவிட்டு டீச்சர் என்னோடு வந்தார். உதவி அதிபர் அவரை என் அம்மா என்றே நினைத்து, நிமிர்ந்தும் பார்க்காமல் பேசினார். பிள்ளை வளர்க்கத் தெரியாதா, தோட்டத்து ஆட்களுக்கு நேரங்காலமே கிடையாதா என்றார். டீச்சர் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தார். பஸ் வரும் நேரத்தை மட்டும் மெதுவாகச் சொன்னார். பிறகு காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தார்.

வெளியே வந்ததும் எனக்குக் கோபம். "நீங்களும் டீச்சர்தான்னு ஏன் சொல்லல?"

என் டையைச் சரிசெய்துகொண்டே சொன்னார்: "சொல்லியிருந்தா எனக்கு இருக்கக் கதிரை தந்திருப்பினம். உன்ர அம்மா வந்திருந்தா தந்திருப்பினமோ?"

"தெரியல டீச்சர்," என்றேன். உண்மையாகவே தெரியவில்லை.

அந்த வருடக் கடைசியில் அவருக்கு ஊருக்கு மாற்றல் கிடைத்தது. பிரியாவிடை அன்று எனக்கு வகுப்புச் சோதனை இருந்தது. அடுத்த லீவில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்து பஸ் ஏறிவிட்டேன். யாழ்ப்பாணம் எவ்வளவு தூரம் என்று அப்போது எனக்குத் தெரியாது.