குதிரைக்கு அடியில் நின்று வானத்தை எடுத்தவர்

செய்தி வாட்ஸ்அப்பில் வந்தது. மதுரைப் புகைப்படக்காரர்கள் குழுவில் ஒருவர் போட்டிருந்தார்: "நம்ம தவமணி அண்ணே காலைல போயிட்டாக." அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். ஒருவர் மட்டும் கவிதையாக எழுதியிருந்தார்: "வானத்தைப் படமெடுத்தவர் வானில் நட்சத்திரமானார்."

ஆகவில்லை. முகூர்த்தங்கள் அடுத்தடுத்து இருந்ததால் காய்ச்சலோடு கல்யாண வேலைக்குப் போனார். மாத்திரையைப் போட்டுக்கொண்டு நின்றார். மண்டபத்திலேயே விழுந்தார். நாற்பத்திரண்டு வயதில் இறந்துபோனார். அவரை நட்சத்திரமாக்கிவிட்டால் அவர் எங்கே பிறந்தார், எங்கே நிற்கவிடாமல் துரத்தப்பட்டார் என்று யாரும் பேசவேண்டியதில்லை. நான் பேசுகிறேன்.

நாங்கள் இருவரும் வில்லாபுரத்தில் ஒரே ஸ்டுடியோவில் வேலை பார்த்தோம். நான் வீட்டில் சௌராஷ்டிரம் பேசும் நெசவுக் குடும்பம். அவர் திருமங்கலத்துக்குத் தெற்கே ஒரு கரிசல் ஊரின் காலனியில் பிறந்தவர். அவருடைய அப்பா காலமெல்லாம் அடுத்தவர் நிலத்தில் உழைத்தவர். அமாவாசையை ஒட்டிய நாட்களில், வேலை முடிந்ததும் தவமணி அண்ணன் என் பைக்கில் ஏறிக்கொள்வார். திருநகரைத் தாண்டி, பைபாஸ் விளக்குகளைத் தாண்டி, வானம் கறுக்கும் இடம்வரை போவோம்.

அவரிடம் பதினாலு எம்.எம். வைடு லென்ஸ் ஒன்று இருந்தது. பால்வீதியை ஒரே படத்துக்குள் அடக்க அது வேண்டும். ஆனால் அந்த லென்ஸுக்கு ஒரு குணம் உண்டு. வானத்தை அள்ளிக்கொள்ளும், தரையில் இருப்பதைச் சுருக்கிவிடும். கொஞ்சம் தள்ளி நின்றாலும் பனைமரம் தீக்குச்சியாகிவிடும். "வைடுல எடுக்கணும்னா ஒட்டிப் போகணும் மாப்ள. மூக்கு இடிக்கிற தூரத்துக்குப் போகணும்" என்பார்.

காட்டில் கேமராவை நிறுத்தினால் யாராவது வருவார்கள். "யாருப்பா? எந்த ஊரு? யாரு வீட்டுப் பிள்ள?" நான் முந்திக்கொண்டு மதுரை, நெசவுக் குடும்பம் என்பேன். "வானத்தையா எடுக்குறீக? அதுக்கு இம்புட்டுத் தூரமா? உங்க வீட்டு மாடில வானம் இல்லையாக்கும்" என்று சிரித்துவிட்டுப் போவார்கள். அவர்கள் போகும்வரை தவமணி அண்ணன் லென்ஸைத் துடைத்துக்கொண்டே இருப்பார். துடைக்க அதில் ஒன்றும் இருக்காது.

அவருக்கு எடுத்தே தீரவேண்டிய படம் ஒன்று இருந்தது. அவர் ஊர் அய்யனார் கோயிலில், முன்னங்காலைத் தூக்கி நிற்கும் பெரிய குதிரைச் சிலை. புரட்டாசியில் இருட்டியதும் பால்வீதி அதன் தலைக்குமேல் வந்து நிற்கும். ஆனால் அவர் தெருக்காரர்கள் வேப்பமரத்தைத் தாண்டி உள்ளே போகக்கூடாது. அங்கே நின்றே கும்பிடவேண்டும். அவரும் வருடந்தோறும் அங்கே நின்றே எடுத்தார். படத்தில் குதிரை பொம்மையாக ஓரத்தில் நிற்கும்.

அப்படி எடுத்த படம் மதுரையில் ஒரு கண்காட்சியில் பரிசு வாங்கியது. நடுவர் மைக்கில் பாராட்டினார்: "குதிரையை எவ்வளவு சின்னதா வச்சிருக்கார் பாருங்க. முன்னாடி இருக்கிற வெற்றிடம்தான் இந்தப் படத்தோட உயிர்." கைதட்டல் அடங்கியதும் தவமணி அண்ணனிடம் மைக்கைக் கொடுத்தார்கள்.

"அது வெற்றிடம் இல்ல சார். எங்காளுக உள்ள போகக்கூடாத இடம்."

நடுவர் அதையும் ஏதோ தத்துவம் என்று நினைத்துத் தலையாட்டினார். டீ கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். பிஸ்கட் இனிப்பா உப்பா என்று கேட்டார்கள். ஒரு மனிதனை எவ்வளவு தூரத்தில் நிறுத்திவைத்திருக்கிறார்கள் என்பதை அளந்து காட்டிய படத்துக்கு, அழகியல் என்று பேர் வைத்து அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த புரட்டாசியில் வேப்பமரத்தடியில் வைத்து நான் சொன்னேன். "அண்ணே, நான் உள்ள போய்க் கேமராவ வச்சுட்டு வாரேன். என்னைய யாரும் கேக்க மாட்டாங்க. நீங்க இங்கருந்து ரிமோட்ட அமுக்குங்க."

"அப்ப அது உன் படம் மாப்ள. உனக்கு வேணும்னா நீ எடுத்துக்க. நான் போறேன்."

போனார். குதிரையின் தூக்கிய காலுக்கு அடியில் மண்டியிட்டு, கேமராவைத் தரையோடு வைத்து ஷட்டரைத் திறந்தார். அரை நிமிடம் திறந்திருக்கவேண்டிய அது மூடுவதற்குள் டார்ச் வெளிச்சம் விழுந்தது. "எவன்டா அது உள்ள?" டார்ச் அவர் முகத்தில் விழுந்தது, குதிரையின் வயிற்றில் ஊர்ந்தது, காலில் ஏறியது. அவர் அசையவில்லை. ஷட்டர் மூடும் சத்தம் கேட்டபிறகுதான் எழுந்தார். சட்டையைப் பிடித்து இழுத்து வந்தார்கள். கூடவே ஓடிய என்னிடம், "தம்பி, நீங்க ஒதுங்குங்க, இது எங்க ஊர் விவகாரம்" என்று மரியாதையாகச் சொன்னார்கள். அந்த மரியாதை இன்றைக்கும் என் உடம்பில் கூசுகிறது.

மறுநாள் அவருடைய அப்பாவைக் கூட்டத்துக்கு வரச்சொல்லி, பெரியவர்கள் காலில் விழவைத்தார்கள். போலீசுக்குப் போவோம் என்று நான் குதித்தேன். அப்பா தடுத்துவிட்டார். "நீங்க மதுரைக்குப் போயிருவீக தம்பி. நான் இங்கதான பொழைக்கணும்."

படம் வந்திருந்தது. அவரை விரட்ட அடித்த டார்ச் வெளிச்சம் குதிரையைக் குளம்பிலிருந்து பிடரிவரை துலக்கிவிட்டிருந்தது. குதிரை திரையை மிதித்துக்கொண்டு வெளியே வருவதுபோல் நின்றது. அதன் பின்னால் பால்வீதி முழுவதும். தவமணி அண்ணன் அதை எந்தப் போட்டிக்கும் அனுப்பவில்லை. பெரிதாகப் பிரிண்ட் போட்டு அப்பாவின் வீட்டுச் சுவரில் மாட்டினார். "இதுக்கு எங்கப்பா விழுந்திருக்காரு. அவருதான் மொதல்ல பாக்கணும்" என்றார்.

தவமணி அண்ணன் இறந்தபிறகு, அவர் உடலையும் கோயில் தெரு வழியாகக் கொண்டுபோக விடவில்லை. கண்மாய்க்கரையைச் சுற்றிச் சேற்றில் தூக்கிப்போனோம்.

காரியத்தன்று கோயில்காரர்கள் மூன்று பேர் அந்த வீட்டுக்கு வந்தார்கள். வாசலுக்கு வெளியிலேயே நின்றார்கள். கும்பாபிஷேகப் பத்திரிகையில் போட அந்தக் குதிரைப் படம் வேண்டுமாம். தவமணி அண்ணனின் மனைவி ஜோதி அக்கா கேட்டார்.

"அவுக பேரப் போடுவீகளா?"

"பேரு எதுக்கும்மா? சாமி படம்தான."

"பேரும் போடணும். நாங்க உள்ள வந்து கும்பிடணும். ரெண்டுக்கும் சரின்னா கழட்டித் தாரேன்."

"எழவு வீட்டுல வச்சுப் பேசுற பேச்சா இது?"

"நீங்கதான எழவு வீட்டுக்குக் கேட்டு வந்தீக."

உள்ளே கட்டிலில் இருந்த அப்பா, மருமகளைத் தடுக்கவில்லை. வந்தவர்கள் முணுமுணுத்தபடி வண்டியை எடுத்துக்கொண்டு போனார்கள்.

தவமணி அண்ணே, படத்தைக் கொடுக்கவில்லை.