பதினேழாம் பிரதியின் சொந்தக்காரர்

"நேரா நின்னு பாக்காதீங்க, கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க" என்று விருந்தினரின் தோளைப் பிடித்துத் திருப்புவார் தனபால். வாசலூர்பட்டி படகுத் துறைக்கு மேலே, மூன்றே அறைகள் கொண்ட அவருடைய விடுதியின் கூடத்தில்தான் அந்தப் படம் தொங்குகிறது. மஞ்சள், கத்தரிப்பூ நிறம், பச்சை, ரோஸ் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். மனிதர், மரம், மாடு எதுவும் கிடையாது.

சேலத்திலிருந்து குடும்பமாக வருகிறவர்களுக்கு அது மலை ரோட்டு வளைவு. கல்லூரிப் பிள்ளைகளுக்கு, "உங்க மனசுல என்ன ஓடுதோ அதுதானுங்க." பக்கத்து மலை ஊர்களான அரியூர் நாட்டிலிருந்து மிளகு விலை பேச வரும் அண்ணாமலையிடம் மட்டும் உண்மையைச் சொல்வார்: "எனக்கு ஒரு மண்ணும் வெளங்கலப்பா. வெளங்காததைத்தான் எனக்கு நல்லா வெளக்க வருது."

படம் சுமித்ரா வரைந்தது. சென்னைக்காரர், இரண்டு மழைக்காலம் இங்கே தங்கி வேலை செய்தவர். அதை அச்சில் நாற்பதே பிரதி எடுத்து, பதினேழாவதை இவருக்குக் கொடுத்தார். "இனிமே அச்சடிக்கவே மாட்டாங்களாம். நாப்பது பேருல நானும் ஒருத்தனுங்க, இந்தக் கூத்தை எங்க போய்ச் சொல்ல" என்பார். சொல்லும்போதே கை வேட்டியைச் சரிசெய்துகொள்ளும். பரிசு என்று அவர் வாழ்க்கையில் வந்தது அது ஒன்றுதான். அதன்மேல் அவருக்கு அப்படியொரு பிரியம்.

சட்டம் போட்டபோது கண்ணாடி இருந்தது. படத்தைவிடத் தன் முகம்தான் அதில் பெரிதாகத் தெரிகிறது என்று மறுநாளே கழற்றிவிட்டார். "இந்த மூஞ்சியப் பாக்கவா ஆளுங்க மலை ஏறி வாராங்க?"

அதுதான் வினையாகப் போயிற்று. போன ஆயுத பூசையன்று அரிவாள், ஸ்கூட்டர், கிரைண்டர், வைஃபை பெட்டி என்று வரிசையாகக் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தவர், வந்த வேகத்தில் படத்துக்கும் வைத்துவிட்டார்.

"ஏனுங்க, படத்து மேலயேவா வெப்பாங்க?" என்றாள் மனைவி கண்ணாயி.

"சாமி படத்துக்கு வெக்கறதில்லையா?"

"அதுக்குக் கண்ணாடி இருக்குதுங்க."

நேற்று மாலை சுமித்ராவிடமிருந்து போன். காலையில் வருகிறாராம். இந்தப் பிரதியைப் புகைப்படம் எடுத்து ஒரு புத்தகத்தில் போடப் போகிறாராம். தனபாலுக்கு உடனே குங்குமம் ஞாபகம் வந்தது. ஆசையாகக் கொடுத்ததைக் கெடுத்துவைத்தவன் அந்தப் பெண்ணின் முகத்தில் எப்படி விழிப்பது? விடிந்ததும் துண்டை நனைத்துப் பிழிந்து, சிவப்பு கண்ட இடத்திலெல்லாம் பூப்போல ஒற்றி எடுத்தார். மூன்று பொட்டு வைத்த ஞாபகம், எடுத்தால் நான்கு. "வெக்கறப்பவும் புத்தியில்ல, எண்ணறப்பவும் புத்தியில்ல" என்று தன்னையே வைதுகொண்டார்.

சுமித்ரா வந்ததும் படத்தின் முன் நின்றார். குனிந்தார். மூலைக்கு மூலை தேடினார்.

"நாப்பதும் அச்சுல ஒரே மாதிரி வந்துடுச்சுண்ணா. எனக்கு அது பிடிக்கல. ஒவ்வொண்ணுலயும் என் கையால வாட்டர் கலர்ல ஒரு சிவப்புப் புள்ளி வெச்சேன், ஒவ்வொண்ணுலயும் வேற வேற இடம். உங்களோடதுல எங்க வெச்சேன்னுதான் மறந்துபோச்சு. அதைத்தான் போட்டோ எடுக்கணும். நீங்க தினம் பாக்கறவரு, எங்கண்ணா இருக்கு?"

யாருக்கும் எதையும் விளக்கக்கூடிய தனபால் படத்தைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார்.

"அம்மிணி..." என்றார்.

பிறகு தோளில் இன்னும் ஈரம் காயாமல் கிடந்த துண்டை எடுத்து, நான்கு சிவப்புக் கறையும் நன்றாகத் தெரியும்படி, இரண்டு கைகளாலும் அவர் முன்னே விரித்துப் பிடித்தார்.