டேப்புக்கு அடியில் இரண்டு விரல்

"மூச்ச இழுக்காத. நீ இழுத்தா உன் வயிறு ஒளிஞ்சுக்குமா?"

டேப் அக்கா முழங்காலில் நின்று, வரவேற்பு மேஜைப் பெண்ணின் வயிற்றைச் சுற்றி இஞ்ச் டேப்பை ஓட்டிக்கொண்டிருக்கிறாள். வாயில் நாலு குண்டூசி. அந்த ஊசிகளுக்கு நடுவே புகுந்து சிரிப்பு, வம்பு, அதட்டல் எல்லாம் வெளியே வந்துவிடும். ஊசி மட்டும் ஒன்றுகூட விழாது.

பெரிய ஓட்டல் அது. மேலே முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்ளக்கூடிய பளிங்குத் தரை. கீழே, தண்ணீர்க் குழாய்கள் பசித்த யானை மாதிரி உறுமிக்கொண்டிருக்கும் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறை. அதுதான் சீருடை அறை. பொத்தான் அறுந்தவர்களும் கால்சட்டை கிழிந்தவர்களும் அங்கேதான் இறங்கி வரவேண்டும். பிள்ளைத்தாச்சிகளும் அப்படியே. ஓட்டல்காரர்கள் எலிக்குஞ்சிலிருந்து எருமை வரைக்கும் எல்லா அளவிலும் சீருடை வாங்கி வைத்திருக்கிறார்கள். வயிற்றுக்குள் ஓர் ஆளை வைத்துக்கொண்டு வேலை செய்கிறவளுக்கு மட்டும் வாங்கவில்லை.

ஆகவே அக்கா சட்டையின் இரண்டு பக்கமும் துணி சேர்த்து, உள்ளே மடித்து, வரிசையாகத் தையல் போட்டு வைப்பாள். முதலில் மஞ்சள் நூல், அப்புறம் பச்சை, அப்புறம் நீலம், கடைசியில் சிவப்பு. வயிறு வளர வளர ஒவ்வொன்றாகப் பிரித்து விடுவாள். "செவப்பு நூலப் பிரிச்சா அடுத்தது ஆம்புலன்ஸுதான்" என்பாள்.

தேதியும் சொல்வாள். கடைசியாக மாதவிலக்கு வந்த நாளைக் கேட்டு, விரல் கணுக்களில் மூன்று மாதம் பின்னால் போய், ஏழு நாள் முன்னால் வந்து, தீர்ப்பு வாசிப்பதுபோல அறிவிப்பாள். எப்போதோ ஒரு நர்ஸ் சொல்லிக்கொடுத்த கணக்கு. அக்கா சொன்ன தேதியில் பிறந்த பிள்ளை இதுவரை ஒன்றுகூட இல்லை. கேட்டால், "பிள்ளைக்குக் காலண்டர் பாக்கத் தெரியல. அதுக்கு நான் என்ன பண்ண?" என்பாள்.

டேப் பிடிக்கும்போது தையல்காரர்கள் ஒரு விரலை அடியில் கொடுப்பார்கள். உடுத்துகிறவர் மூச்சுவிட அவ்வளவு லூஸ் வேண்டும். அக்காவும் கொடுத்துக்கொண்டுதான் இருந்தாள். இப்போது கொடுப்பதில்லை. டேப்பை ஒட்டப் பிடித்து, உள்ளதை உள்ளபடி படித்து, லூஸை மனக்கணக்காகக் கூட்டிக்கொள்கிறாள்.

"என்னக்கா, ஆளக் கட்டிப்போடுற மாதிரி பிடிக்கிறீங்க?" என்று வரவேற்புப் பெண் கேட்கிறாள். ஊரில் எல்லாக் கேள்விக்கும் பதில் வைத்திருக்கிற அக்கா, இதற்கு மட்டும் இன்னொரு குண்டூசியை எடுத்து வாயில் செருகிக்கொள்கிறாள்.

அக்காவின் தம்பி பெண்டாட்டி இதே ஓட்டலில் அறை சுத்தம் செய்கிறவள். முதல் பிள்ளை தங்காமல் போனது. இரண்டாவது, பாதி வழி தாண்டி வந்திருந்தது. ஆஸ்பத்திரியில் அளந்தால் அவளுக்குக் கை சில்லிட்டுப் போகும். அதனால் திங்கள்கிழமைதோறும் வேலைக்கு ஏறுவதற்கு முன் நாத்தனாரிடம் வந்து நிற்பாள். இங்கே அளவோடு கேலியும் சேர்ந்து கிடைக்கும்.

"உள்ள என்னடி, பிள்ளையா பீரோவா? என் டேப்பு பத்தாது போலிருக்கே."

"போங்கண்ணி. உங்க தம்பி ராத்திரி முழுக்க வயித்துல காது வச்சுக்கிட்டுக் கிடக்குறாரு."

"அவன் சின்ன வயசுலயே ஒட்டுக்கேக்குற பயதான்."

இந்தப் பிள்ளைக்கும் அக்கா ஒரு தேதி சொல்லியிருந்தாள். சொன்னதோடு நிற்காமல், அன்றைக்கு லீவு வேண்டுமென்று மேலாளரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டாள். "அன்னிக்கு ஓட்டலே தீப்பிடிச்சாலும் என்னக் கூப்பிடாதீங்க" என்று.

பச்சை நூல் பிரிக்கவேண்டிய திங்கள்கிழமை வந்தது. அக்கா வழக்கம்போல ஒரு விரல் கொடுத்து டேப்பைச் சுற்றினாள். போன வாரத்து எண்ணேதான். அதற்கு முந்தின வாரமும் அதுதான். நிமிர்ந்து பார்த்தாள். தம்பி பெண்டாட்டி கூரையில் ஓடும் குழாயைப் பார்த்தபடி, கீழுதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அக்காவின் இரண்டாவது விரல் தானாகவே டேப்புக்கு அடியில் நுழைந்தது. டேப்பில் எண் கொஞ்சம் ஏறியது.

"ஏறியிருக்கு" என்றாள். "உன் புருஷன் வேலைக்குக் கிளம்புற மாதிரி மெதுவா. ஆனா ஏறியிருக்கு."

அவள் சிரித்தாள். அக்கா பச்சை நூலைப் பிரித்துவிட்டாள். சட்டை பக்கவாட்டில் கொஞ்சம் தொளதொளத்தது. 'வெள்ளிக்கிழமை எப்படியும் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள், டாக்டர் பார்த்துக்கொள்வார்' என்று நினைத்துக்கொண்டாள். அன்று தைத்த நாலு கால்சட்டையில் இரண்டைத் தலைகீழாகத் தைத்தாள்.

வெள்ளிக்கிழமை தம்பிதான் போன் செய்தான். "துடிப்பு இல்லையாம்க்கா" என்றான். அந்தத் திங்கள்கிழமைக்கு முன்பே எல்லாம் நின்றுபோயிருந்தது, அன்றே வந்திருந்தாலும் செய்வதற்கு ஒன்றும் இருந்திருக்காது என்று டாக்டர் சொன்னதைப் பிறகு சொன்னான். அக்கா அதைப் பலமுறை தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அந்த இரண்டு விரலும் கேட்டபாடில்லை.

இன்று, வரவேற்புப் பெண் மேலே போன கொஞ்ச நேரத்தில், தம்பி பெண்டாட்டி கையில் துவைத்து மடித்த சட்டையோடு வந்து நிற்கிறாள். நாளையிலிருந்து மறுபடி வேலை. அக்கா லீவு சொல்லி வைத்த தேதி இன்னும் வரவில்லை.

"வாடி. சாப்பிட்டியா, இல்ல காத்தக் குடிச்சுக்கிட்டுத் திரியிறியா?"

"சாப்பிட்டேண்ணி. இதப் பழையபடி பிடிச்சுத் தச்சுக் குடுங்க."

அக்கா சட்டையை உட்புறமாகத் திருப்புகிறாள். பச்சை நூல் இருந்த தடத்தில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஊக்கு. தான் பிரித்துவிட்ட துணியை யாரோ மறுபடி இறுக்கிப் பிடித்துக் குத்தியிருக்கிறார்கள். அக்கா ஊக்கைத் தடவிப் பார்க்கிறாள்.

"இது எப்பக் குத்துன?"

"அன்னிக்கே. லிஃப்டுல போறப்பவே. சட்டை லூசா இருந்துச்சு."

"எங்கிட்டச் சொல்லலையே."

"நீங்க சொன்னீங்களாண்ணி?"

குரலில் கோபம் இல்லை. அக்கா வாயைத் திறக்கிறாள். ஊசி ஒன்று தரையில் விழுகிறது. குனிந்து தேடுகிறாள். தேடி எடுக்க ரொம்ப நேரம் பிடிக்கிறது.

"மிச்சத் துணிய வெட்டிருங்கண்ணி. உள்ள உறுத்தும்."

அக்கா ஊக்குகளைக் கழற்றி வைக்கிறாள். பெரிய கத்தரியை எடுக்கிறாள். சட்டையின் ஓரத்துக்குக் கொண்டுபோகிறாள். கை அங்கேயே நிற்கிறது. பிறகு கத்தரியைத் திருப்பி, கைப்பிடியை அவள் பக்கம் நீட்டுகிறாள்.

"என்னால ஆகாது. நீயே வெட்டு."

அவள் கத்தரியை வாங்கிக்கொள்கிறாள். சட்டையை மடியில் போட்டு, நாத்தனார் சேர்த்துவைத்த துணியை விரித்துப் பார்க்கிறாள். பிரிக்காத நீலம் அப்படியே இருக்கிறது. சிவப்பும் இருக்கிறது. கட்டைவிரலால் அந்த நூல்களை ஒருமுறை நீவுகிறாள்.

கத்தரியை மேஜைமேல் வைக்கிறாள். துணியைப் பழைய மடிப்பிலேயே உள்ளே மடித்து, உறுத்தாதபடி தட்டையாக நீவிவிட்டு, விலகாமல் இருக்க இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொள்கிறாள்.

அக்கா ஊசியில் பச்சை நூலைக் கோத்து, அந்த விரல்களை ஒட்டினாற்போல் முதல் தையலைப் போடுகிறாள்.