தபசு காலத்தில் முட்டை ஊசி

தூத்துக்குடிக் கிழவர்கள் யாருக்குமே முட்டை ஒத்துக்கொள்ளாது என்று ஒரு டாக்டர் ஒரு காலைப்பொழுது முழுக்க நம்பினார். எழுபதுகளின் நடுவில் நடந்தது. ஈஸ்டருக்கு முந்திய நோன்பு நாட்களை நாங்கள் தபசு காலம் என்போம். அது வந்தாலே எனக்கு அந்த டாக்டரின் முகம் ஞாபகத்துக்கு வந்துவிடும். கோயில் என்றும் பார்க்காமல் சிரித்துவிடுவேன், பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பி முறைப்பார்கள்.

அப்பா தோணித் தண்டல். தோணியை நடத்துகிறவரை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வது. உப்பும் வெங்காயமும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் பாய் விரித்துப் போய்வந்தவர், கரையில் உட்கார்ந்த பிறகு நெஞ்சுச் சளியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். முந்தின ஆடிக் காற்றோடு வந்த ப்ளூ காய்ச்சல் அவரைப் படுக்கையில் தள்ளி, மாதாவே என்று நாங்கள் கையெடுத்துக் கும்பிடும் நிலைக்குக் கொண்டுபோய்விட்டது. எப்படியோ பிழைத்தார். "இன்னொரு காய்ச்சலை இந்த நெஞ்சு தாங்காது" என்று வைத்தியம் பார்த்தவர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். அம்மா இல்லாத வீடு. அந்த வார்த்தையை நான் ஒருத்தியாகத்தான் சுமந்துகொண்டு திரிந்தேன்.

அப்பாவின் கவலை வேறு. பெரிய வெள்ளியன்று ஆண்டவருடைய சுரூபத்தைப் பாடையில் கிடத்தித் தெருத்தெருவாகத் தூக்கி வருவார்கள். அந்தப் பாடைக்கு எங்கள் கரையில் தூம்பா என்று பெயர். அதன் முன் கட்டையில் இடது பக்கம் அப்பாவின் தோள், வலது பக்கம் அவருடைய கூட்டாளியின் தோள். எனக்கு விவரம் தெரிந்த நாள் முதல் அப்படித்தான். அந்த வருஷம் அப்பாவை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். "அடுத்த வருசம் தூக்குவேன்" என்று கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தக் கூட்டாளியும் ஒரு தண்டல்தான், தருவைகுளத்துக்காரர். நான் மாமா என்று கூப்பிடுவேன். இரண்டு பேருக்கும் உயிருக்குயிரான பழக்கம், ஆனால் பக்தியில் மட்டும் ஓயாத போட்டி. தபசு காலத்தில் அப்பா கறியை விட்டார் என்றால், மாமா முட்டையையும் விட்டுவிடுவார். அது காதில் விழுந்ததும் அப்பாவும் முட்டையை நிறுத்துவார். மீனை மட்டும் இருவருமே விட்டதில்லை. அதை விட்டுவிட்டு எங்கள் கரையில் எவன் உயிரோடு இருப்பான் என்பது அவர்கள் கட்சி.

அந்த வருஷத் தபசு காலத்தில்தான், துறைமுகத்தை ஒட்டிய சின்ன ஆஸ்பத்திரிக்கு ஐஸ் பெட்டியில் மருந்து வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டேன். வயசானவர்களுக்கு ப்ளூ காய்ச்சல் வராமல் தடுக்கும் ஊசி. கோயம்புத்தூர்ப் பக்கத்து டாக்டர் ஒருவர் வந்து போடுகிறார், சனிக்கிழமையோடு கிளம்பிவிடுவார் என்றார்கள். வியாழக்கிழமை காலையிலேயே அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். ஊசிக்கு எங்கள் ஆட்கள் பயப்படுகிறவர்கள் இல்லை. கொழும்புக்குப் போக ஒவ்வொரு தடவையும் காலரா ஊசி குத்திக்கொண்ட கைகள் அவை.

வரிசையில் எங்களுக்கு முன்னால் மாமா நின்றார். டாக்டர் தங்கமான மனுஷர். ஆனால் கூட்டத்தைப் பார்த்து மிரண்டுபோயிருந்தார். முதலில் வந்தவர்களிடம், "முட்டை சாப்பிட்டா உடம்புக்கு ஏதாச்சும் பண்ணுங்களா? தடிப்பு, மூச்சு முட்டறது, அந்த மாதிரி?" என்று விளக்கமாகத்தான் கேட்டிருக்கிறார். வெயில் ஏற ஏறக் கேள்வி சுருங்கி, நாங்கள் போன நேரத்தில் "முட்டை சாப்பிடுவீங்களா?" என்று ஆகியிருந்தது.

தபசு காலத்தில் கேட்கிற கேள்வியா அது? "திங்க மாட்டேன் சார்" என்று ஒவ்வொரு கிழவரும் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். "அப்ப உங்களுக்கு ஊசி ஆகாதுங்க, போயிட்டு வாங்க" என்று டாக்டர் கைகூப்பி அனுப்பினார். தன் நோன்பைப் பெரிய டாக்டரே மெச்சிவிட்டார் என்ற பூரிப்பில் அவர்களும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார்கள். மாமாவும் அப்படித்தான் சொல்லிவிட்டு நகர்ந்தார். போனவர் வீட்டுக்குப் போகாமல், அப்பா என்ன சொல்லப் போகிறார் என்று பார்க்க வாசலில் நின்றுகொண்டார்.

"முட்டை சாப்பிடுவீங்களா?"

அப்பா வாசலைப் பார்த்தார். "தொட மாட்டேன் சார்" என்றார்.

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. ராத்திரி முழுக்க இவர் இருமலை எண்ணிக்கொண்டு கிடப்பவள் நான், இங்கே இவர் மாமாவோடு பந்தயம் ஓட்டுகிறார். "ஈஸ்டர் அன்னைக்கு எத்தன திம்பாவன்னு கேளுங்க சார்! கூடையே காலியாயிரும்!" என்று கத்திவிட்டேன்.

வரிசை முழுக்கக் கொல்லென்று சிரித்தது. "ஏளா, வாய மூடு" என்றார் அப்பா. டாக்டர் என்னைப் பார்த்தார், கிழவர்களைப் பார்த்தார், சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். "நோன்புங்களா?" என்று மெல்லக் கேட்டுவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார். காலையிலிருந்து எத்தனை பேரைத் திருப்பி அனுப்பிவிட்டார்! அப்பாவுக்கு அங்கேயே ஊசி போட்டார். பிறகு அவரே வாசலுக்குப் போய் மாமாவைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார்.

மாமா சட்டைக்கையை மடக்கினவர் பாதியில் நிறுத்திக் கேட்டார்: "அதுசரி, ஊசிக்கும் முட்டைக்கும் என்ன சார் சம்பந்தம்?"

பொய் சொல்லத் தெரியாத டாக்டர், "இந்த மருந்தை முட்டைக்குள்ள வச்சுத்தாங்க வளர்க்கிறாங்க" என்றார்.

மாமா சட்டைக்கையை இறக்கிவிட்டார். "வாயால திங்காண்டாம், கையால தின்னுக்கோன்னு சொல்லுதீயளோ? ஈஸ்டர் முடியட்டும், வாரேன்."

அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. அவர் கைக்குள் முட்டை ஏற்கெனவே இறங்கியிருந்தது. ஈஸ்டருக்கு டாக்டரும் இருக்க மாட்டார், மருந்தும் இருக்காது. மாமாவுடைய நெஞ்சு மட்டும் என்ன இரும்பா? அவரும் அப்பாவோடு சேர்ந்து அதே உப்புக் காற்றைக் குடித்தவர்தானே. நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா எழுந்து அவர் முன்னால் போய் நின்றார்.

"ஏலே, அடுத்த வருசம் தூம்பாவுக்கு நான் யாருகூடத் தோள் குடுப்பேன்? பாவம்னா ரெண்டு பேரு பாவத்தையும் எம்பேர்ல போட்டுக்கோ. கையக் காட்டு."

அப்பா யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. மாமா, "நரகத்துக்கு நீ மட்டும் முந்திப் போயிரலாம்னு பாக்கியாலே?" என்று சொல்லிக்கொண்டே சட்டைக்கையை மறுபடியும் மடக்கினார்.

அன்று சாயங்காலமே இரண்டு பேரும் பாவத்தைச் சாமியாரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யக் கோயிலுக்குப் போனார்கள். நான் பின்வரிசையில் முழங்காலில் நின்றேன். சாமியார் உட்கார்ந்திருந்த மரப்பெட்டியின் ஓரம் அப்பா குனிந்து ஏதோ முணுமுணுத்தார். திடீரென்று உள்ளேயிருந்து சாமியாரின் சிரிப்பு வெடித்தது. தபசு காலத்தில் அந்தப் பெட்டிக்குள்ளிருந்து சிரிப்புக் கேட்டது எனக்குத் தெரிந்து அந்த ஒரு தடவைதான். பாவத்துக்கு அபராதமாக முழு ஜெபமாலை சொல்லச் சொல்வார் என்று நினைத்தேன். ஊசி போடாமல் திரும்பிப் போன கிழவர்களை எல்லாம் சனிக்கிழமைக்குள் தேடிப் பிடித்துக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அதுதான் உங்கள் இரண்டு பேருக்கும் அபராதம் என்று சொல்லிவிட்டாராம்.

அந்த இரண்டு நாளும் அவர்களுக்குக் கால் தரையில் பாவவில்லை. மாமா தருவைகுளம் முழுக்கக் கதவைத் தட்டினார். அப்பா இருமிக்கொண்டே குதிரை வண்டியில் மாப்பிள்ளையூரணி வரைக்கும் போய் ஆள் பிடித்தார். "சாமியே சொல்லிட்டாவ, வாலே" என்ற ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. எங்கள் கரையில் அதற்குப் பிறகு அது முட்டை ஊசி. வேறு பெயர் சொன்னால் யாருக்கும் விளங்காது.

ஆடி வந்தது. காற்று மண்ணை வாரி இறைத்தது, தெருவுக்குத் தெரு காய்ச்சல். தினமும் விடிந்ததும் அப்பாவின் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பேன். "ஏளா, இன்னும் சாவல, போய்க் காப்பி போடு" என்று சிடுசிடுப்பார். எனக்கு அந்தச் சிடுசிடுப்பைக் கேட்டால்தான் அன்றைய பொழுது விடியும். ஊசி போட்டவர்களிலும் சிலர் படுத்தார்கள், எழுந்தும் விட்டார்கள். அப்பா படுக்கவே இல்லை. ஊசி காத்ததா, மாதா காத்தாளா என்று ஒருநாள் கேட்டேன். "ரெண்டு பேரையும் ஏன் சண்டைக்கு விடுத?" என்றார்.

அடுத்த பெரிய வெள்ளி. முன் கட்டையில் இடது பக்கம் அப்பா, வலது பக்கம் மாமா. பெண்கள் அழுதுகொண்டு பின்னால் வந்தோம். என் அழுகை ஆண்டவருக்காக மட்டும் இல்லை. கடற்கரைத் தெரு முனையில் திரும்பும்போது மாமா தலையைத் திருப்பாமல் கேட்டது என் காதில் விழுந்தது.

"ஏலே, முட்ட தின்ன கை வலிக்கா?"

ஆண்டவரைத் தோளில் வைத்துக்கொண்டு, அத்தனை ஒப்பாரிக்கு நடுவில், அப்பா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். ஊரே திரும்பிப் பார்த்தது. எனக்கு வெட்கமாகவே இல்லை. அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருமல் வருகிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். வரவில்லை.