எல்லாருக்கும் ஒரே சத்தம்

பஷீர் அகமது என்று கேட்டால் ஏற்காட்டில் பாதிப் பேருக்கு என் தம்பியைத் தெரியாது. மைக் செட் பஷீர் என்று கேட்டால் பஸ்ஸில் இருந்து இறங்கும் இடத்திலேயே வழி சொல்லிவிடுவார்கள். எங்கள் மளிகைக் கடையை ஒட்டினாற்போல் ஒரு ஷட்டர். அதற்குள் ஆளுயரப் பெட்டி ஸ்பீக்கர்கள், ஆம்ப்ளிஃபயர், ஜெனரேட்டர், பாம்பு போலச் சுருட்டி வைத்த ஒயர்கள். மலையில் எங்கே கூட்டம் கூடினாலும் அவன் செட்தான் கட்டுவார்கள். சேர்வராயன் கோயில் திருவிழா, மீலாது விழா, மாதா கோயில் தேர், காதுகுத்து, எஸ்டேட் யூனியன் கூட்டம், எல்லாக் கட்சிக் கூட்டமும்.

அவன் சேலத்தில் யாரிடமோ தொழில் கற்றதாகச் சிலர் சொல்கிறார்கள். அது தவறு. ரிப்பேருக்கு வந்த ரேடியோக்களைப் பிரித்துப் பார்த்து அவனே கற்றுக்கொண்டான். சால்டரிங் குச்சியால் கையைச் சுட்டுக்கொண்டபோதெல்லாம் மருந்து போட்டவள் நான். எட்டாவதோடு நின்றவள்தான், ஆனாலும் என் தம்பியைப் பற்றி எழுதும்போது தெரியாததை எழுத மாட்டேன்.

அவனிடம் சில பழக்கங்கள் இருந்தன. யார் முதலில் அட்வான்ஸ் கொடுக்கிறார்களோ அவர்களுக்குத்தான் செட். எந்தக் கட்சி, எந்தச் சாமி என்று கேட்க மாட்டான். ஆம்ப்ளிஃபயரில் சத்தம் கூட்டும் திருகில், அவன் மகள் ஷிரினின் நகப்பாலிஷை எடுத்து ஒரு சிவப்புப் பொட்டு வைத்திருந்தான். யார் பேசினாலும் திருகு அந்தப் பொட்டில்தான் நிற்கும். ஒருவருக்குக் கூட்டி இன்னொருவருக்குக் குறைத்தான் என்று பேர் வரக்கூடாது என்பான். எல்லாவற்றையும்விட முக்கியம், ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது மைக்கை அணைக்க மாட்டான். யூனியன் கூட்டம் ஒன்றில் குடித்துவிட்டு ஒருவன் மேடையேறி, கூட்டம் போட்டவர்களையே திட்டினான். தலைவர் கையைக் காட்டி அணைக்கச் சொன்னார். பஷீர் அணைக்கவில்லை. "ஆளை வேணா எறக்குங்க, பேசறவன் வாய நான் பொத்த மாட்டேனுங்க" என்றான். அந்தக் குடிகாரன் பேசிப் பேசி ஓய்ந்து, கடைசியில் எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு இறங்கினான். இன்றைக்கும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

கொஞ்ச வருஷமாகக் கடைவீதியில் சிரிப்புக் குறைந்துவிட்டது. எம்.பி. சீட்டைக் குறைக்கப் போகிறார்கள், நம் வரிப்பணம் வடக்கே போகிறது என்று ஒரு பக்கம் பேசினார்கள். இப்படிப் பேசுகிறவர்கள் நாட்டைத் துண்டாக்கப் பார்க்கிறார்கள் என்று இன்னொரு பக்கம் பேசினார்கள். வியாபாரிகளின் வாட்ஸப் குழு இரண்டாகப் பிரிந்தது. டீக்கடைகூடப் பிரிந்தது. இந்தக் கட்சிக்காரர் அந்தக் கடையில் டீ குடிப்பதில்லை. எங்கள் இருவரையும் இரண்டு குழுவிலும் சேர்த்திருந்தார்கள். சாமான் வாங்க எல்லோரும் வரவேண்டும் என்பதால் நான் எதிலும் ஒன்றும் எழுதுவதில்லை.

பஷீர் மேலுக்குக் கேலி பேசுவான். "ஆம்ப்ளிஃபயர் டில்லி, ஸ்பீக்கர் கோயம்புத்தூர், மைக்கு பம்பாய். நாடு பிரிஞ்சா என் செட்டு முனகக்கூட முனகாதுங்க" என்பான். கடையில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். ஆட்கள் போனபிறகு அவன் முகம் வேறாக இருக்கும். ரிப்பேர் செய்தபடியே செய்தி கேட்பான், வேலை நின்றுபோகும், செய்தி ஓடிக்கொண்டே இருக்கும். என் மகன் ரிஸ்வான் புனேயில் வேலை பார்க்கிறான். அவன் அங்கே ஜாக்கிரதையாக இருக்கிறானா என்று என்னைவிட அதிகம் கேட்பவன் பஷீர்தான். ஒருநாள் ஷட்டரை இறக்கும்போது என்னிடம் சொன்னான்.

"நாடு ஒருக்கா ஒடஞ்சப்ப நம்ம பாட்டன் எங்கயும் போகாம இந்த மலையிலயேதான் இருந்தாரு. இருந்தவங்களையே இன்னும் கேள்வி கேட்டு முடியலக்கா. இன்னொருக்கா ஒடஞ்சா நம்மள எந்தப் பக்கம்னு கேப்பாங்க?"

நான் பூட்டைப் போடச் சொன்னேன்.

போன வருஷம் கோடை முடிந்த சமயம், சீட்டுக் குறைப்பை எதிர்க்கும் கட்சி ஒண்டிக்கடை முக்கில் கூட்டம் போட்டது. முறைப்படி போலீஸ் அனுமதி வாங்கி, அட்வான்ஸும் கொடுத்திருந்தார்கள். பஷீர் மாலையிலேயே செட் கட்டினான். நான் கடையில் இருந்தேன். பேச்சு முழுவதும் அங்கிருந்தே கேட்டது. சேலத்திலிருந்து வந்த பேச்சாளர் நன்றாகத்தான் ஆரம்பித்தார். போகப் போகக் குரல் ஏறியது. எங்கள் வரி வேண்டும், எங்கள் ஓட்டு வேண்டாம் என்றால், தனியாகப் போவதைப் பற்றி நாங்களும் யோசிக்க வேண்டிவரும் என்றார். கைதட்டினார்கள்.

அந்த நேரத்தில் பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ் அதிகாரி பஷீரிடம் போயிருக்கிறார். மலைக்குப் புதிதாக மாற்றலாகி வந்தவர். மைக்கை ஆஃப் பண்ணு என்றார். அவர் முடித்துவிடட்டும், நடுவில் நிறுத்திப் பழக்கமில்லை என்று பஷீர் சொன்னான்.

"உன் பழக்கத்தை யாரு கேட்டா? ஆஃப் பண்ணு."

"நீங்க மேடையில போயிச் சொல்லுங்க சார். அவரே நிறுத்திக்குவாரு."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். என் கணக்கில் அந்தச் சிரிப்புதான் பெரிய கெடுதல் செய்தது. அதிகாரி மேடையை நோக்கி நகர்வதற்குள் பேச்சாளர் நன்றி சொல்லி முடித்துவிட்டார். பஷீர் வழக்கம்போல் நாட்டுப்பண் போட்டான். எல்லோரும் எழுந்து நின்றார்கள், அதிகாரி உட்பட.

மறுநாள் காலையில் ஜீப் வந்தது. நாட்டைப் பிரிக்கத் தூண்டும்படி பேசியதாகப் புகார். பேச்சாளர் மேல், கூட்டம் போட்டவர்கள் மேல், கூடவே மைக் செட்காரர் மேல். ஆம்ப்ளிஃபயரையும் ஸ்பீக்கர்களையும் வழக்குப் பொருள் என்று ஏற்றிக்கொண்டார்கள். நான் அவனுடைய சர்க்கரை மாத்திரையையும் ஒரு துண்டையும் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். வாசலில் நிற்க விட்டார்கள். சன்னல் வழியாக உள்ளே பேசுவது கேட்டது. அவன் போனை வாங்கி வைத்திருந்தார்கள். புனேக்கு எதற்கு அடிக்கடி பேசுகிறாய் என்றார்கள். அக்கா மகன் என்றான். வாட்ஸப்பில் இரண்டு குழுவிலும் ஏன் இருக்கிறாய் என்றார்கள். அவங்களாகச் சேர்த்தாங்க என்றான். ஒருவர் ஆம்ப்ளிஃபயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்தச் சிவப்பு அடையாளம் என்ன, யாருக்குச் சிக்னல் என்று கேட்டார்.

"எல்லாருக்கும் ஒரே சத்தம் வைக்கறதுக்குங்க."

"எங்ககிட்டயே விளையாடறயா?"

உண்மையைத்தான் சொன்னான். அதை எழுதிக்கொள்ளவில்லை என்பதைச் சன்னல் வழியாகவே பார்த்தேன்.

அவனைச் சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். ஜாமீன் கிடைப்பதற்குள் ஷிரின் காலேஜில் மூன்றாம் செமஸ்டர் பரீட்சையை எழுதி முடித்துவிட்டாள். அப்பா பேர் பேப்பரில் வந்ததைப் பார்த்துவிட்டு, கூடப் படிக்கிற பிள்ளைகள் பக்கத்தில் உட்காரவில்லை என்று எனக்கு மட்டும் சொன்னாள். பஷீர் இளைத்து வந்தான். தினமும் காலையில் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்று உத்தரவு. முதல் நாள் கையெழுத்துப் போட்டுவிட்டு வரும்போது, பஸ் நிற்கும் இடத்தில் அவன் படம் போட்ட போஸ்டர் ஒட்டியிருந்தது. அந்தக் கட்சிக்காரர்கள் அவனை உரிமைப் போராளி என்று எழுதியிருந்தார்கள். அவன் அங்கேயே நின்று, நகத்தால் சுரண்டிச் சுரண்டி அதைக் கிழித்தான். அதையும் ஒருவர் செல்போனில் படம் எடுத்தார். போராளி பயந்துவிட்டார் என்று சாயங்காலமே குழுவில் வந்தது.

புகார் கொடுத்தது சின்னராஜ் என்று பிறகு தெரிந்தது. நாடு பிரியக்கூடாது என்று பேசும் கட்சியில் இருப்பவன், மிளகு வியாபாரி. பஷீரோடு ஒரே பெஞ்சில் படித்தவன். அவன் கட்சிக் கூட்டத்துக்கும் பஷீர்தான் செட் கட்டுவான். ஒருநாள் சின்னராஜ் தானாகவே கடைக்கு வந்தான். உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்தான்.

"உம்மேல எழுதலடா. பேசுனவன்மேலதான் எழுதுனேன். நாடு துண்டாப் போறத என்னால கேட்டுட்டு இருக்க முடியுமா?"

"எனக்கு மட்டும் அது துண்டாப் போகணும்னு ஆசையாடா?" என்றான் பஷீர்.

"அப்புறம் ஏண்டா மைக்க நிறுத்தல?"

"உன்னோடதையும் நிறுத்தச் சொல்லிப் போன எலக்ஷன்ல கேட்டாங்க. நிறுத்தலையே."

சின்னராஜ் தரையைப் பார்த்துப் பேசினான். புகாரை வாபஸ் வாங்கலாமா என்று ஸ்டேஷனில் கேட்டுப் பார்த்ததாகவும், இனி அது உங்கள் கையில் இல்லை, மேலே போய்விட்டது என்று அவர்கள் சொல்லிவிட்டதாகவும் சொன்னான். எழுந்து போகும்போது கால் கிலோ மிளகை மேசை மேல் வைத்துவிட்டுப் போனான். பஷீர் அதைத் தொடவில்லை. நான்தான் எடுத்து உள்ளே வைத்தேன்.

மழைக்காலம் முடிந்தபிறகு கோர்ட் உத்தரவில் செட் திரும்பி வந்தது. ஸ்பீக்கர் ஒன்றில் எலி கூடு கட்டியிருந்தது. ஆம்ப்ளிஃபயரில் ஈரம் ஏறியிருந்தது. அவன் ஒவ்வொரு பாகமாகக் கழற்றித் துடைத்து, வெயிலில் வைத்து, மறுபடி ஓட வைத்தான். ஓடியது. கல்யாணங்களுக்குப் போனான், பாட்டுப் போட்டான். கட்சிக்காரர்கள் யாரும் வரவில்லை. வந்தாலும் என்ன சொல்லியிருப்பான் என்று எனக்குத் தெரியாது.

தை மாதத்தில் தலைச்சோலையிலிருந்து மாதையன் வந்தார். அங்கே காப்பித் தோட்டம் வைத்திருக்கும் பெரியவர். அவர்கள் நிலத்துக்கு மேலே ட்ரோன் பறக்கவிட்டு அளந்துகொண்டு போயிருக்கிறார்கள். பின்னால் ஆட்கள் வந்து தோட்டத்துக்குள் கல் நட்டிருக்கிறார்கள். எதற்கு என்று கேட்டால், உத்தரவு என்பதற்கு மேல் யாரும் சொல்லவில்லையாம். ஊர்க்காரர்கள் கூடி அதிகாரிகளை வரச் சொல்லிப் பேசப்போவதாகவும், செட் வேண்டும் என்றும் கேட்டார்.

பஷீர் அனுமதிச் சீட்டைக் கேட்டு வாங்கிப் படித்தான். மடித்துக் கொடுத்துவிட்டு மறுபடி வாங்கிப் படித்தான். பிறகு, இத்தனை வருஷத்தில் அவன் யாரிடமும் கேட்காத ஒன்றைக் கேட்டான்.

"என்னங்க பேசுவீங்க?"

மாதையன் விழித்தார். "எங்க கஷ்டத்தப் பேசுவோமுங்க. வேறென்ன பேசறது?"

பஷீர் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டான். வழக்கு வந்ததிலிருந்து அவனைத் தனியாக அனுப்ப எனக்கு மனசு வருவதில்லை. கடையை என் வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு வேனில் நானும் ஏறினேன்.

தலைச்சோலைப் பள்ளிக்கூடத்து மைதானத்தில் கூட்டம். பனி இறங்கிக்கொண்டிருந்தது. வரச் சொன்ன அதிகாரிகள் வரவில்லை. பந்தோபஸ்துக்கு ஒரே ஒரு போலீஸ்காரர் மட்டும் வந்திருந்தார். சின்ன வயசு. மரத்தடியில் பைக்கின் மேல் உட்கார்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பஷீருக்குப் பக்கத்திலேயே, ஒயர்ப் பெட்டி மேல் உட்கார்ந்தேன்.

மாதையன் பேசினார். மற்றவர்கள் பேசினார்கள். பிறகு அந்த ஊர்ப் பெண் காளியாயி எழுந்து வந்தார். வயசானவர், மைக்கில் பேசிப் பழக்கமில்லாதவர். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"எங்க தோட்டத்துல கல்லு நட்டுட்டு, நீ யாரு, எப்ப வந்தேன்னு எங்களையே கேக்கறாங்க. எங்க ஊட்டுப் பொணமெல்லாம் இந்த மண்ணுலதான் கெடக்குது. ஓட்டுக்கு மட்டும் நாங்க இந்த நாட்டு சனம், மத்ததுக்கு இல்லையா? அப்படீன்னா நாங்களும் சொல்லிப்போடுவோம், உங்க கவருமெண்டும் வேண்டாம், உங்க நாடும்..."

அதற்கு மேல் எனக்குக் கேட்கவில்லை. காளியாயியின் வாய் அசைந்தது. முன்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் மட்டும் கழுத்தை நீட்டிக் கேட்டார்கள். பின்னால் இருந்தவர்கள் ஸ்பீக்கரைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் பஷீரைப் பார்த்தேன். அவன் விரல்கள் திருகின் மேல் இருந்தன. கண் மரத்தடியில் இருந்தது.

காளியாயி பேசி முடித்துக் கீழே இறங்கினார். நேராக எங்களிடம் வந்தார்.

"மிசினுக்கு என்ன சாமி ஆச்சு?"

"ஒயரு லூசுங்கம்மா" என்றான். "ஈரம் பட்டதுல இருந்து அப்பப்ப இப்படிப் பண்ணுதுங்க."

"போயிட்டுப் போகுது. கொஞ்சமாச்சும் கேட்டிருக்கும்ல?"

"கேட்டுச்சுங்க."

கூட்டம் கலைந்தது. மாதையன் பாக்கியைக் கொண்டுவந்தார். பஷீர் வாங்கவில்லை. செட் ரிப்பேரானதற்குக் காசு வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு ஒயர்களைச் சுருட்டினான். மாதையன் அவனைப் புகழ்ந்தார். இப்படி ஒரு மனுஷன் கிடைக்க மாட்டான் என்று என்னிடமும் சொன்னார். நான் தலையாட்டினேன்.

வேனில் திரும்பி வரும்போது அவன் பனியில் மஞ்சள் லைட்டைப் போட்டு மெதுவாக ஓட்டினான்.

"அணைக்கலக்கா" என்றான் பிறகு. "கொறச்சேன். அவ்வளவுதான்."

"சரி."

"அந்தம்மா பேரு கேசுல வந்திருந்தா? அந்த வயசுல சேலத்துக்கும் மலைக்கும் அலைய முடியுமா?"

"முடியாதுதான்."

இன்னும் இரண்டு வளைவு தாண்டினோம்.

"அந்தப் போலீஸ்காரத் தம்பி நிமிந்து பாத்தாராக்கா? அந்தம்மா அதச் சொன்னப்ப?"

நான் நன்றாகப் பார்த்திருந்தேன். அந்தப் பையன் கூட்டம் முடியும்வரை செல்போனிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. பொய் சொல்லியிருக்கலாம். பார்த்தார், முறைத்தார் என்று சொல்லியிருந்தால் குறைத்தது சரிதான் என்று அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"இல்ல கண்ணு, பாக்கல" என்றேன்.

அவன் அடுத்த வளைவுக்குக் கியரை மாற்றினான்.